ஒன்பதாம் அடிக்குறிப்பு

கமா அக்காவுக்குப் பயம் புதிதல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். ஒரு தடவை இழுத்தால் மனசு ஆறாது. மூன்று தடவை இழுக்க வேண்டும். "பூட்டுக்கு வாயிருந்தா உன் மேல கேஸ் போட்டிருக்கும்" என்பான் அவள் தம்பி.

அந்தப் பயம்தான் அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில், இரண்டாம் மாடியில், மாடிப்படிக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வெளியீட்டு உதவி அறை அவளுடையது. முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். எந்த இதழுக்கு அனுப்பலாம், தலைப்பை எங்கே வெட்டலாம், 'தெளிவில்லை' என்று ஒரே சொல்லில் அடித்துத் தள்ளிய மதிப்பீட்டாளருக்கு என்ன பதில் எழுதலாம் என்று கூடவே உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பாள். யாருடைய கட்டுரையானாலும் முதல் கை கால்புள்ளியில்தான் வைப்பாள். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் கமா. வயது நாற்பதைத் தாண்டியதால் பின்னால் ஓர் அக்கா.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அச்சகத்திலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே புதிய ஆய்விதழின் இரண்டு பிரதிகள். பசை வாசனை இன்னும் போகவில்லை. பிரித்ததும் அவள் கை தானாக ஐம்பத்தேழாம் பக்கத்துக்குப் போனது. நீளத்தின் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

நீளம் என்பதும் பட்டப்பெயர்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக ஒன்பது வருடம் இருந்துவிட்டு, படிப்பு விடுப்பில் முனைவர் பட்டம் செய்ய வந்தவள். அவள் வாக்கியம் ஒன்றில் ஏறி உட்கார்ந்தால் இறங்குமிடம் வர அரைப் பக்கம் ஆகும். பேச்சும் அப்படியே. கமா அக்கா வைத்த பெயர் துறை முழுக்கப் பரவி, இப்போது நீளமே தொலைபேசியில் "நான் நீளம் பேசறேன்" என்கிறாள்.

வாய்விட்டு வாசிக்க மறுக்கும் குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. மூன்று பள்ளிகள், பதினோரு குழந்தைகள். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பி, மூன்றாவது இதழ் நான்கு முறை திருத்தச் சொல்லி, ஒரு வழியாக அச்சேறியிருக்கிறது. இந்தக் கட்டுரை அச்சில் வந்தால்தான் நீளம் மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். துறையின் விதி அது.

கமா அக்கா தேநீரை ஊற்றிக்கொண்டு, கையில் பென்சில் இல்லாமல், முதல்முறையாக அந்தக் கட்டுரையைச் சும்மா படித்தாள். தன் பிள்ளை மேடையில் பாடுவதைக் கேட்கிற மாதிரி ஒரு சுகம். ஒவ்வொரு கால்புள்ளியும் வைத்த இடத்தில் இருந்தது. அறுபத்து மூன்றாம் பக்கம் வந்தது. பக்கத்தின் காலடியில், பொடி எழுத்தில், ஒன்பதாம் அடிக்குறிப்பு.

கண் பார்த்துவிட்டது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை. தேநீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, விரலை வரியின் மேல் வைத்து, முதல் வகுப்புக் குழந்தை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

அடிக்குறிப்பில் ஒரு சிறுமியின் பெயர் இருந்தது. உண்மையான பெயர்.

அந்தப் பெயரை இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை. 'ம்' என்று முடிகிற பெயர், அந்த ஊரில் இன்னொரு குழந்தைக்கு இருக்க வாய்ப்பில்லாத பெயர் என்பது மட்டும் போதும். கட்டுரையில் அவள் பெயர் ஜன்னல். பெயரை மாற்றித்தான் எழுதுவேன், உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று நீளம் கேட்டபோது ஒன்பது வயதுச் சிறுமி கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பெயர் அது. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க அது இல்ல" என்றாளாம். 'அங்கே' என்றால் பள்ளித் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் பொருட்கள் அறை. உடைந்த பெஞ்சுகள், கிழிந்த வரைபடங்கள், பாதி நசுங்கிய உலக உருண்டை. வாசிக்கும்போது தடுக்கினால் அங்கே உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். மணி அடிக்கிற வரைக்கும். "உள்ள இருக்கறப்போ எழுத்தெல்லாம் என்னையே பாக்குது" என்று ஜன்னல் சொன்னது கட்டுரையின் அறுபத்து இரண்டாம் பக்கத்தில் மேற்கோளாக இருந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவருமே அதைப் பாராட்டியிருந்தார்கள்.

இதழ் நானூறு பள்ளிகளுக்குப் போகும். ஜன்னலின் பள்ளி அதில் ஒன்று. இந்த வருடமும் அவளுடைய வகுப்புக்கு அதே ஆசிரியர்தான். படிப்பாண்டு முடிய ஐந்து மாதம் இருக்கிறது.

கமா அக்கா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று தெரியாமல் திரும்பத் திறந்தாள்.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தப்பு அவளுடையது. பெயர் மாற்றத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் தேடி ஒரே அடியில் மாற்றிவிடலாம் என்று வருடா வருடம் பட்டறையில் அவளே சொல்லிக் கொடுக்கிறாள். இதே மேசையில் உட்கார்ந்துதான் நீளமும் மாற்றினாள். 'முப்பத்தெட்டு இடங்களில் மாற்றப்பட்டது' என்று திரை சொன்னது. இரண்டு பேரும் கை தட்டினார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. நீளம் என்று தேடினால் அது நீளத்தைப் பிடிக்காது, நீளத்திடம் என்றால் பிடிக்காது. 'ம்' உதிர்ந்து 'த்து' வந்ததும் அதற்கு அது வேறு ஆள். கட்டுரைக்குள் அப்படித் தப்பியவற்றை இரண்டு பேரும் கண்ணால் தேடிப் பிடித்தார்கள். பக்கத்தின் காலடியில் ஒன்று பதுங்கியிருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை.

அவள் நீளத்தைக் கூப்பிட்டாள். "உடனே வா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நீளம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள், கையில் ஒரு சாக்லேட் பெட்டியோடு.

"அக்கா, வந்துடுச்சில்ல, எனக்குத் தெரியும், நீங்க 'உடனே வா'ன்னப்பவே தெரிஞ்சுபோச்சு, லைப்ரரியில எல்லாருக்கும் கொடுத்துட்டு உங்களுக்குன்னு இந்தக் கடைசி வரிசையை மட்டும் தொடாம வச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரர் வேற காலையிலேருந்து..."

"உக்காரு."

"என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி..."

கமா அக்கா இதழைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். விரலால் காட்டினாள். நீளம் படித்தாள். சாக்லேட் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு இடம்தானே அக்கா" என்றாள் கடைசியில். "அடிக்குறிப்பை யாரு படிக்கப்போறா?"

"நான் படிச்சேனே."

"உங்களுக்கு அது பொழப்பு. ஸ்கூல்ல வந்த புத்தகத்தையெல்லாம் பீரோவுல போட்டுப் பூட்டிடுவாங்க. நான் ஒன்பது வருஷம் பாத்திருக்கேன், ரப்பர் பேண்டு கூடப் பிரிக்க மாட்டாங்க."

"சரி. அந்த வகுப்பு ஆசிரியரும் பிரிக்க மாட்டாங்களா?"

நீளத்தின் முகத்தில் இருந்த ரத்தம் மெல்ல இறங்குவதைக் கமா அக்கா பார்த்தாள்.

"என்ன?"

"அவங்க கேட்டாங்க அக்கா. போன வாரம் நன்றி சொல்லப் போனப்போ. 'புத்தகம் வந்தா எனக்கு ஒண்ணு வேணும், எங்க ஸ்கூல் பேரு வராட்டியும் பரவாயில்ல, நம்ம புள்ளைங்க பத்தினதுதானே'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அச்சகம் அவங்க ஸ்கூலுக்கு பஸ் ஏறற ஸ்டாப்புக்கு எதுத்தாப்லதான். செவ்வாய்க்கிழமை வந்துடும்னு நானே சொல்லித் தொலைச்சேன்."

கமா அக்கா தொலைபேசியை எடுத்தாள். அச்சகத்தில் பைண்டர் எடுத்தார். பின்னால் வெட்டும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"புத்தகக் கட்டெல்லாம் கிளம்பிடுச்சா?"

"எங்கம்மா, வேன் டிரைவர் சாப்பிடப் போயிருக்காரு. அவரு சாப்பிட உக்காந்தா பந்தி முடிஞ்சு இலை எடுக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு. ஒரு மணிக்குத்தான்."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப ஒண்ணும் வெளிய போகல?"

"உங்களுக்கு ரெண்டு. அப்புறம் காலையில ஆசிரியர் வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான்."

"இதழாசிரியரா?"

"ஆசிரியருன்னாங்களாம். நாங்க என்ன அடையாளச் சீட்டா கேக்க முடியும்? 'நான் ஆசிரியர், எனக்கு ஒரு பிரதி வேணும்'னாங்களாம், கையெழுத்துப் போட்டாங்களாம், போயிட்டாங்களாம்."

"ஆளு எப்படி இருந்தாங்க?"

"நான் உள்ள பசை காய்ச்சிக்கிட்டிருந்தேன்மா. கவுண்டர்ல இருந்தவரு அரை நாள் லீவு போட்டுட்டாரு. கையெழுத்தைப் பாத்தா கோழி கிளறின மாதிரி இருக்கு."

தமிழில் ஆசிரியர் என்றால் இதழை நடத்துகிறவரும் ஆசிரியர், பாடம் நடத்துகிறவரும் ஆசிரியர். எத்தனையோ கட்டுரைகளில் இந்தக் குழப்பத்தைக் கமா அக்கா சிரித்துக்கொண்டே தீர்த்து வைத்திருக்கிறாள். இப்போது அதே சொல் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

இதழாசிரியரைக் கூப்பிட்டாள். நான்கு முறை மணி அடித்து ஐந்தாவதில் எடுத்தார்.

"சார், இன்னிக்குக் காலையில அச்சகத்துக்குப் போனீங்களா?"

"நான் எங்கம்மா போறது? மூணு நாளாக் காய்ச்சல். கட்டிலை விட்டு இறங்கினா பொண்டாட்டி திட்டுறா, இறங்கலன்னா மருமக திட்டுறா. ஏன், அட்டையில ஏதாவது தப்பா?"

போனது அந்த ஆசிரியர்தான். அந்தப் பிரதி இப்போது அந்தப் பள்ளியில் இருக்கிறது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் இருமினார். இருமலுக்கு நடுவே அவர் யோசிப்பது கேட்டது.

"கட்டை நிறுத்தலாம். ஆனா அந்த ஒரு இலையை மட்டும் எடுக்க முடியாது. ஒண்ணா மடிச்சுத் தைச்ச அந்தப் பக்கங்களை, முழு ஃபாரத்தையும் எடுத்துட்டு வேற கட்டுரையைப் போடணும். அப்படின்னா அந்தப் பொண்ணோட கட்டுரை அடுத்த இதழ்ல. அடுத்த இதழ் ஆறு மாசம் கழிச்சு. அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா?"

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. நீளம் சாக்லேட் பெட்டியின் மூலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் என்றால் மாதக் கடைசி போயிற்று. படிப்பு விடுப்பும் போயிற்று. கமா அக்கா அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிடத் துடித்தாள். ஆனால் அது தன் கட்டுரை அல்ல.

"நிறுத்துங்க சார்" என்றாள் நீளம்.

மதியப் பேருந்தில் கூட்டமில்லை. இரண்டு பேரும் கடைசி இருக்கைக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பள்ளி மூன்றரைக்கு விடும். அதற்குள் அந்தப் பிரதியை வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் விரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

வகுப்பு ஆசிரியர் காலையிலேயே படித்திருந்தால்? இடைவேளையில் படித்திருந்தால்? கமா அக்காவின் மனசில் அந்த ஆசிரியர் ஓர் ஆறடி ஆள். கழுத்தே இல்லாமல் தோளில் உட்கார்ந்த தலை, கதவு முழுவதையும் அடைக்கிற உடம்பு. கட்டுரையைப் படித்த முதல் நாளிலிருந்து அந்த உருவம்தான் அவளுக்குள் நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது அந்த ஆள் ஏறிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

இதழை மடியில் வைத்திருந்தாள். திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். ஒன்பதாம் அடிக்குறிப்பு இப்படி இருந்தது: 'இக்காலப் பகுதியில் வகுப்பு ஆசிரியர் இன்ன பெண்ணைப் பொருட்கள் அறையில் மூன்று முறை வைத்துப் பூட்டினார்.' 'இன்ன பெண்ணை' என்ற இடத்தில் அந்தப் பெயர்.

அவள் கட்டுரையின் மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். 'ஜன்னல் தனி அறையில் வைக்கப்பட்டாள்.' 'கதவு சாத்தப்பட்டது.' 'மணி அடிக்கும் வரை அவள் வெளியே விடப்படவில்லை.' நீளத்தின் முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'வகுப்பு ஆசிரியர் பூட்டினார்' என்றுதான் இருந்தது. கோபம் தெரிகிறது, ஆய்வு நடை இப்படி இருக்கக் கூடாது என்று கமா அக்காதான் ஒவ்வொன்றாக மாற்றினாள். பூட்டினார் என்பது பூட்டப்பட்டது ஆயிற்று. யார் என்ற கேள்வி காணாமல் போயிற்று. வாக்கியம் வழவழப்பாக ஆயிற்று. அவள் கை படாமல் தப்பியது ஒரே வாக்கியம். பெயர் தப்பித்ததும் அதே வாக்கியத்தில்தான்.

"அக்கா" என்றாள் நீளம், வெளியே பார்த்துக்கொண்டு. "நான் உங்ககிட்ட ஒரு தடவை கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கேட்டுவிடாதே என்று பேருந்து ஏறியதிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"இதை யார்கிட்டயாவது சொல்லணுமா அக்கான்னு கேட்டேன். தலைமையாசிரியர்கிட்டயோ, அவ அம்மாகிட்டயோ."

"ம்."

"ஒப்புதல் படிவத்துல ரகசியம் காப்போம்னு எழுதிக் கொடுத்திருக்கோம், இப்ப வாயைத் திறந்தா ஸ்கூல்காரங்க அனுமதியை வாபஸ் வாங்கிடுவாங்க, முதல்ல பேப்பர் வரட்டும்னீங்க."

"சொன்னேன்."

"நானும் சரின்னேன். உங்களைக் குத்தம் சொல்லல. எனக்கும் பேப்பர்தான் வேணும்னு இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அது எட்டு மாசம் ஆச்சு அக்கா."

அந்த எட்டு மாதத்தில் கதவு எத்தனை முறை சாத்தப்பட்டிருக்கும் என்று கமா அக்கா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போடப் பயமாக இருந்தது.

பள்ளி வாசலில் காவலாளி நீளத்தைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். வருடம் முழுக்க வந்துபோன முகம் அல்லவா. தாழ்வாரம் நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் வகுப்புகள். ஒரு வகுப்பில் வாய்ப்பாடு, இன்னொன்றில் பெஞ்சு இழுபடும் சத்தம், எங்கேயோ ஒரு பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது. நான்காம் வகுப்பை நெருங்க நெருங்கச் சத்தம் வடிந்தது. அந்த வகுப்பிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. ஒரு சிறுவன் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தான். எங்கேயும் தடுக்கவில்லை. கால்புள்ளியில்கூட நிற்கவில்லை. மூச்சு வாங்க நேரமில்லாத மாதிரி ஒரே ஓட்டம்.

"வாங்க வாங்க! எழுதினவங்களே நேர்ல வந்துட்டாங்க!"

மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தது குள்ளமான ஒரு பெண்மணி. அறுபதை நெருங்கும் வயது. கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. குரல் வெல்லப்பாகு. கமா அக்கா அவருக்குப் பின்னால் அந்த ஆறடி ஆளைத் தேடினாள். யாரும் இல்லை. வரைவில் இருந்ததெல்லாம் 'ஆசிரியர்', 'பூட்டினார்', 'சொன்னார்'தான். ஆணா பெண்ணா என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. ஆறடி ஆள் என்றால்கூடப் பயத்துக்கு ஓர் அளவு இருந்திருக்கும் என்று தோன்றியது.

"எங்க துறையில எனக்கு உதவி செஞ்ச அக்கா" என்றாள் நீளம்.

"அப்படியா, ரொம்பச் சந்தோஷம். புள்ளைங்களா, வணக்கம் சொல்லுங்க."

முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே குரலில் சொல்லிவிட்டு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

கமா அக்காவின் கண் மேசையில் இருந்தது. வருகைப் பதிவேட்டுக்குக் கீழே பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒன்று. கயிறு அவிழ்க்கப்படவில்லை. முடிச்சு பைண்டர் போட்ட மாதிரியே இருந்தது.

"புத்தகம்..." என்றாள். "கட்டும்போது ஒரு ஃபாரம் தலைகீழா போயிடுச்சாம். எல்லாப் பிரதியும் திருப்பி வாங்குறோம். நல்ல பிரதி வந்ததும் கொடுத்து அனுப்புறோம்."

"அடடா. நான் இன்னும் பிரிக்கவே இல்ல. வீட்டுக்குப் போய் ஆற அமர ஒரு எழுத்து விடாம படிக்கலாம்னு வச்சிருந்தேன்." பெண்மணி பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "தப்பு வர்றது சகஜம். திருத்த ஆள் இருந்தா சரி."

பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இனி நன்றி சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் நடந்து, பேருந்து ஏறினால் போதும். பெயர் பத்திரம். கமா அக்கா திரும்பியும்விட்டாள்.

நீளம் திரும்பவில்லை. வகுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாவது பெஞ்சில், சுவர் ஓரம், ஓர் இடம் காலியாக இருந்தது. பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. புத்தகம் திறந்தபடி கவிழ்ந்து கிடந்தது.

"அவ வரலையா?" என்றாள் நீளம்.

"வந்திருக்காளே" என்றார் பெண்மணி. அதே வெல்லப்பாகுக் குரல். "வெளிய இருக்கா."

முன் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண்ணின் கண், தலையைத் திருப்பாமல், தாழ்வாரத்தின் கடைசியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மேசைக்கு இறங்கியது. வாசித்துக்கொண்டிருந்த சிறுவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். விட்ட வரியில் விரலை வைத்திருந்தான்.

கமா அக்கா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவர்கள் ஒரு பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து வேனை நிறுத்தி, இதழை நிறுத்தி, பேருந்து பிடித்து ஓடி வந்தது ஒரு பெயருக்காக. பெயர் இப்போது அவள் கையில், கயிறு கட்டி, பத்திரமாக இருக்கிறது. பெயருக்குரியவள் எங்கே?

அப்போது நீளம் பேசினாள். வாக்கியத்தில் ஏறினால் இறங்கத் தெரியாத நீளம், அந்தப் பெயரைச் சொல்லி, அதோடு அந்த 'த்தை'யையும் சேர்த்து, பெண்மணியின் முகத்தைப் பார்த்து, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்றே சொல்லில் சொன்னாள். நீங்கள், இன்னாரை, பூட்டினீர்கள். குரல் வகுப்பின் கடைசிச் சுவர் வரை கேட்டது.

பெண்மணி கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். "என்னம்மா சொன்னீங்க?"

நீளம் அதையே திரும்பச் சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கமா அக்கா நடந்தாள். ஓடினால் விழுந்துவிடுவோம் என்று நடந்தாள். தாழ்வாரத்தின் கடைசிக் கதவு பச்சை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், ஒரு குழந்தையின் தலைக்கு மேல் உயரத்தில். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, அவசரமே இல்லாத சத்தம். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். துரு. வரவில்லை. பொட்டலம் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் நசுங்கி ரத்தம் கட்டியது. 'டக்' என்று விட்டது.

உள்ளே ஜன்னல் இல்லை. கதவின் வெளிச்சம் போய் முதலில் நசுங்கிய உலக உருண்டையின் மேல் விழுந்தது, அப்புறம் சுருட்டி வைத்த வரைபடத்தின் மேல், அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்னக் கால்களின் மேல்.

சிறுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"பெல் அடிச்சாச்சா?"

"இல்லம்மா" என்றாள் கமா அக்கா. "இன்னும் அடிக்கல. நீ வா."

"அடிக்கலைன்னா வரக் கூடாது."

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்துக்குப் பின்னால் அந்தப் பெண்மணியின் மூச்சு. திரும்பிப் பார்க்கக் கமா அக்காவுக்குத் தைரியம் இல்லை. கையை மட்டும் உள்ளே நீட்டினாள். எட்டு மாதமாக எழுத்தில் தேடியும் மாற்றியும் மறைத்தும் வந்த அந்தப் பெயரை, முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிட்டாள். தடுக்கியது. திரும்பச் சொன்னாள்.

பிறகு சில்லென்று ஒரு கை வந்து அவள் கைக்குள் நுழைந்தது.

சிறுமியை வெளியே கொண்டுவந்து, தனக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள். நீளம் மூச்சிரைக்க வந்து மறுபக்கம் நின்றாள். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஓர் ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். யாரோ தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. இனி என்ன ஆகும் என்று கமா அக்காவுக்குத் தெரியவில்லை.

அவள் கையைப் பின்னால் நீட்டி, தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. மனசு ஆறவில்லை. இன்னொரு முறை பார்த்தாள்.